ஒற்றைக் கம்பியோடு ஒரு பயணம்: நானா வாஸ்கொன்செலோஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

தாளக் கலைஞர்களின் வரலாறு பெரும்பாலும் இன்னொருவரின் வரலாற்றுக்குள் அடங்கிப்போய்விடும். இன்ன பாடகருக்கு வாசித்தார், இன்ன சாக்ஸபோன் கலைஞரோடு ஊர் ஊராகப் போனார், இசைத்தட்டின் பின்னட்டையில் கடைசி வரியில் பெயர் வந்தது என்பதோடு முடிந்துவிடும். பிரேசிலின் நானா வாஸ்கொன்செலோஸ் அப்படி அடங்காதவர். 1944இல் ரெசீஃபி நகரில் பிறந்து 2016இல் அதே நகரில் மறைந்த இவர், நடுவில் ரியோ, பாரிஸ், ஒஸ்லோ, நியூயார்க் என்று சுற்றினார். டிரம் செட்டின் பின்னால் உட்காரும் வழக்கமான வேலையைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வில்லையும் ஒரு சுரைக்குடுக்கையையும் தன் குரலையும் முன்னிறுத்தி ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துகாட்டினார்.

இவரைப் பற்றிப் பேசும்போது 'உலகத் தாளங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்தவர்' என்பார்கள். அவருடைய பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவன் என்ற முறையில் எனக்கு அந்த வருணனை சரியாகப் படவில்லை. நாட்டுக்கொரு முழவு வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டவர்கள் வேறு பலர். நானா ஒரே கருவியில் ஆழமாக இறங்கினார். அந்தக் கருவி கேட்கும்படியான இடங்களாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார். உலகம் அங்கே வந்து அவரைச் சந்தித்தது. இந்த ஆய்வு அந்த இரண்டு முடிவுகளைப் பின்தொடர்கிறது.

ரெசீஃபியின் மண்

ரெசீஃபி, பெர்னாம்புகோ மாநிலத்தின் தலைநகர். கரும்புத் தோட்டங்களால் வளர்ந்த துறைமுகம். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பிரேசிலில்தான் இறக்கப்பட்டார்கள். அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது, அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக.

இந்த மண்ணின் பெரிய தாள மரபின் பெயர் 'மரக்காட்டு' (maracatu). கறுப்பின மக்களின் கத்தோலிக்கச் சகோதரத்துவச் சபைகளில் 'காங்கோ அரசர்'களுக்கு முடிசூட்டும் சடங்கு இருந்தது. அதிலிருந்து கிளைத்ததே இந்த ஊர்வல இசை என்பார்கள். ஒவ்வொரு குழுவையும் 'நாசாவ்' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசியும், ஊர்வலத்தில் கையில் ஏந்தி வரும் 'கலுங்கா' பொம்மையும் உண்டு. பொம்மை விளையாட்டுப் பொருள் இல்லை, முன்னோரின் சக்தி உறையும் இடம். ஆப்பிரிக்க வேர் கொண்ட கண்டோம்ப்ளே சமயத்தின் ரெசீஃபி வடிவமான ஷாங்கோ வழிபாட்டோடு இந்தக் குழுக்கள் பின்னிப் பிணைந்தவை.

தாளத்தின் முதுகெலும்பு அல்ஃபாயா. கயிற்றால் இழுத்துக் கட்டிய பெரிய மரமுரசு, ஆட்டுத்தோல் போர்த்தியது. இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, கனத்த கழிகளால் அடிப்பார்கள். அதன் மேல் கொங்கே என்ற இரும்பு மணி காலப்பிரமாணத்தைப் பிடித்து நிற்கும். பக்கப்பறைகள் பொடிப்பொடியாக உருட்டிக்கொண்டிருக்கும். பாசிமணி வலை போர்த்திய சுரைக்குடுக்கையான அக்பே மேலே சலசலக்கும். நாற்பது ஐம்பது அல்ஃபாயாக்கள் ஒன்றாக விழும்போது காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடும்.

நானாவின் இளமைக்காலத்தில் இந்த மரபு மங்கிக்கொண்டிருந்தது. 1800இல் தோன்றியதாகச் சொல்லப்படும் 'எலெஃபான்ச்சி' நாசாவின் புகழ்பெற்ற அரசி தோனா சாந்தா 1962இல் இறந்ததும், அந்தக் குழுவின் முரசுகளும் உடைகளும் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நானாவுக்கு அப்போது வயது 18. தெருவில் கேட்டு வளர்ந்த ஓர் ஓசை கண்ணாடிப் பெட்டிக்குள் போவதைப் பார்த்த தலைமுறை அது. கடைசி இருபது ஆண்டுகளில் அவர் எடுத்த முடிவுகளை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

அவருடைய தந்தையும் இசைக்கலைஞர். 12 வயதிலேயே தந்தையின் குழுவில் போங்கோவும் மராக்காவும் வாசிக்கத் தொடங்கிய பையன், கூடவே வானொலியில் வந்த ஜாஸையும் கேட்டான். பிற்காலத்தில் தன் மேல் தாக்கம் செலுத்தியவர்களாக அவர் சொன்ன இரண்டு பெயர்கள் வியப்பானவை: பிரேசிலின் செவ்வியல் இசையமைப்பாளர் ஹெய்டோர் வில்லா லோபோஸ், ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இருவரும் தாளக் கலைஞர்கள் இல்லை. வில்லா லோபோஸிடமிருந்து காட்டையும் கிராமத்தையும் இசைக்குழுவுக்குள் கொண்டுவரும் துணிவு வந்தது. ஹெண்ட்ரிக்ஸிடமிருந்து வந்தது, ஒரு கருவியின் எல்லை அதைச் செய்தவர் வகுத்ததோடு முடிவதில்லை என்ற தெளிவு.

பெரிம்பாவ்: வில்லைப் பிடிக்கும் கை

நானாவின் கருவி பெரிம்பாவ். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு மரக்கழி. பெரும்பாலும் 'பிரிபா' என்ற வளையும் மரம். அதை வளைத்து இரும்புக் கம்பி பூட்டுவார்கள். இப்போதெல்லாம் பழைய டயரை அறுத்து உள்ளே இருக்கும் கம்பியை எடுப்பதுதான் வழக்கம். அடிப்பகுதியில் வாய் திறந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கயிற்று வளையத்தால் கட்டுவார்கள். அங்கோலாவின் இசைவில்களுக்கு இது நேரடிச் சொந்தம். நம் வில்லுப்பாட்டில் குடத்தின் மேல் வில்லைச் சார்த்தி வீசுகோலால் நாணைத் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வில்லே வாத்தியமாவது புதிதில்லை. ஆனால் பெரிம்பாவ் நின்றபடி வாசிப்பது, சுருதியையும் மாற்றக்கூடியது.

பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முழு வில்லின் எடையும் இடது கையின் சுண்டுவிரலில் நிற்கிறது. கயிற்று வளையத்துக்கு அடியில் சுண்டுவிரல், கழியைச் சுற்றி நடுவிரல்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு கூழாங்கல் அல்லது பழைய நாணயம். வலது கையில் மெல்லிய குச்சி. அதே கையில் விரல்களில் மாட்டிய கஷிஷி, விதைகள் போட்டுப் பின்னிய சிறு கூடைக் கிலுகிலுப்பை. குச்சி கம்பியில் விழும்போதெல்லாம் கஷிஷியும் குலுங்கும். கல் தொடாதபோது ஒரு சுரம், கல்லை அழுத்தினால் ஏறக்குறைய ஒரு முழுச்சுரம் மேலே, கல்லை லேசாகத் தொட்டுவைத்தால் ஒரு கரகரப்பு. குடுக்கையின் வாயை வயிற்றோடு ஒட்டினால் ஒலி மூடும், விலக்கினால் திறக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சுண்டுவிரல் வீங்கிவிடும்.

இந்தக் கருவி வாழ்ந்த இடம் கப்போயிரா வட்டம். ஆட்டமும் சண்டையும் கலந்த அந்தக் கலை 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்தது. 1930களில்தான் பிரேசிலின் சால்வதோர் நகரில் மெஸ்த்ரே பிம்பா போன்ற ஆசான்களின் முயற்சியால் சட்டத்துக்குள் வந்தது. வட்டத்தில் பெரிம்பாவ்தான் தலைமை. ஆட்டத்தின் வேகத்தையும் குணத்தையும் அதன் தாளக்கட்டு தீர்மானிக்கும். அங்கே வாசிப்பவர் ஆடுகிறவர்களுக்குப் பொறுப்பாளி, தன் விருப்பத்துக்கு அலைய முடியாது.

1960களின் நடுவில் பெரிம்பாவைக் கையில் எடுத்த நானா அதை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். குடுக்கைக்குக் கீழே உள்ள துண்டுக் கம்பியில் தட்டினார், மரத்தில் தட்டினார், குடுக்கையில் தட்டினார். வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் ஒரே சுரத்தைப் பேச்சுபோல வளைத்தார். கம்பி அதிரும்போதே அதன் மேல் தன் குரலை ஏற்றினார். குரல் எது, கம்பி எது என்று சில இடங்களில் இன்னமும் என்னால் பிரித்தறிய முடிவதில்லை. கப்போயிரா ஆசான்கள் சிலருக்கு இது உவப்பாக இருந்திருக்காது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வட்டத்தை விட்டு வெளியே வந்த பெரிம்பாவ் தன் கடமையை விட்டுவிட்டு வந்ததுதான். ஆனால் கப்போயிரா வட்டத்தில் பெரிம்பாவ் இன்றும் அதே அதிகாரத்தோடு இருக்கிறது. நானாவின் சோதனைகளால் அந்த மரபு எதையும் இழக்கவில்லை என்பதே என் கணிப்பு.

ரியோவிலிருந்து பாரிஸ்

1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் ரியோவுக்குப் போன நானா, பாடகர் மில்ட்டன் நாசிமென்ட்டோவுடன் வாசித்தார். ஆட்சியை எதிர்த்துப் பாடிய ஜெரால்டோ வாண்ட்ரேவுக்குப் பின்னணி வாசித்த 'குவார்ட்டெட்டோ லிவ்ரே' குழுவிலும் இருந்தார். 1968 டிசம்பரில் ஒடுக்குமுறை உச்சத்துக்குப் போனது. வாண்ட்ரே நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

1970 வாக்கில் அர்ஜென்டினாவின் சாக்ஸபோன் கலைஞர் காட்டோ பார்பியேரி அழைக்க, நானா நியூயார்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். ஸ்விட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவில் 1971இல் எடுத்த பதிவில் இவர்களைக் கேட்கலாம். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் பார்பியேரியோடு திரும்பாமல் பாரிஸிலேயே தங்கினார். அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இந்த முடிவுதான் என்று நினைக்கிறேன். புகழ்பெற்ற ஒரு குழுவில் நிலையான இடத்தை விட்டுவிட்டு, தனியாக ஒரு வில்லோடு நின்றார். அங்கேதான் தன் முதல் தனி இசைத்தட்டைப் பதிவு செய்தார். மனநல மருத்துவமனையில் குழந்தைகளோடு இசை வழியாக வேலை செய்ததும் அங்கேதான். பேச்சு கைகூடாத குழந்தைகளிடம் தாளம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அங்கே பார்த்ததை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்புதான் முதல் வாத்தியம், குரல் அதன் பக்கத்திலேயே இருக்கிறது என்ற அவருடைய கொள்கைக்கு இந்தக் குழந்தைகளிடமும் வேர் இருக்கிறது.

டிரம் செட் இல்லாத அறைகள்

அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் பிரேசில் தாளக் கலைஞருக்கு ஓர் இடம் உருவாகியிருந்தது. மைல்ஸ் டேவிஸ் குழுவில் ஏர்ட்டோ மொரெய்ரா அதற்கு வழிபோட்டார். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் டிரம் செட் போட்ட கோலத்துக்குள் வண்ணம் நிரப்பும் வேலை. காலப்பிரமாணம் டிரம்மரிடம், அலங்காரம் இவரிடம்.

நானாவின் முக்கியமான பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். அவற்றில் பெரும்பாலானவற்றில் டிரம்மரே கிடையாது. திட்டமிட்டுச் செய்தாரா என்பதை விட, விளைவு முக்கியம். மூச்சு விடும் வெளி அவருக்குக் கிடைத்தது. மெல்லிய கஷிஷி ஒலிகூட மையத்துக்கு வந்தது.

முதலாவது, 1976 நவம்பரில் ஒஸ்லோவில் பிரேசில் கிதார் கலைஞர் எக்பெர்ட்டோ ஜிஸ்மோந்தியுடன் பதிவான 'டான்சா தாஸ் கபேசாஸ்'. நாட்டை விட்டு வெளியேறப் பெருந்தொகை கட்டவேண்டும் என்று பிரேசில் அரசு விதித்திருந்த காலம். ஜிஸ்மோந்தி தன் குழுவைக் கூட்டிவர முடியாமல் தனியாக வந்து, ஐரோப்பாவில் இருந்த நானாவைச் சேர்த்துக்கொண்டார். எதைப் பற்றி வாசிக்கப்போகிறோம் என்று நானா கேட்டபோது ஜிஸ்மோந்தி சொன்ன கதை பிரபலமானது: பூச்சிகளும் விலங்குகளும் நிறைந்த, ஈரம் சொட்டும் அடர்காட்டில், ஒருவருக்கொருவர் 180 அடி இடைவெளி விட்டு நடக்கும் இரண்டு பையன்கள். இசைத்தட்டைக் கேளுங்கள், அந்த 180 அடி அப்படியே இருக்கும். ஒருவரை ஒருவர் துரத்துவதும் இல்லை, தொலைப்பதும் இல்லை.

அடுத்தது கொடோனா. காலின் வால்காட், டான் செர்ரி, நானா ஆகிய மூவரின் பெயர்களில் முதல் ஈரெழுத்துகள் சேர்ந்த பெயர். வால்காட் ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபலாவும் கற்ற அமெரிக்கர். செர்ரி டிரம்பட் கலைஞர், மாலி நாட்டு வேட்டைக்காரர்களின் யாழ்வகைக் கருவியான டோசோ ங்கோனியையும் வாசிப்பார். 1978இலிருந்து 1982க்குள் மூன்று இசைத்தட்டுகள். இந்தியா, மாலி, பிரேசில், அமெரிக்க ஜாஸ் எல்லாம் ஓர் அறையில். இப்படிச் சொன்னாலே கலவைச் சாதம் என்று சந்தேகம் வரும், நியாயம்தான். 'உலக இசை' என்ற பெயரில் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பதிவுகள் அந்தச் சந்தேகத்துக்கு உரியவையே. கொடோனா தப்பித்ததற்குக் காரணம், மூவரும் அவரவர் கருவியை அதன் இயல்பிலேயே விட்டுவைத்தார்கள். தபலா பிரேசில் தாளத்தைப் போலி செய்யவில்லை, பெரிம்பாவ் வட இந்தியாவின் தீன்தாளத்துக்குள் நுழையப் பார்க்கவில்லை. எங்கே சேர முடியுமோ அங்கே மட்டும் சேர்ந்தார்கள், மற்ற இடங்களில் ஒருவர் வாசிக்க இருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1984 நவம்பரில் கிழக்கு ஜெர்மனியில் நடந்த பேருந்து விபத்தில் வால்காட் இறந்தார். வேறொருவரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பி நான்காவது தட்டு போடவில்லை.

1979இல் ஜெர்மனியில் பதிவான 'சவுதாதெஸ்' இந்த ஆய்வின் மையச் சான்று. ஷ்டுட்கார்ட் வானொலியின் சிம்பொனி தந்திக்குழு ஒருபுறம், ஒற்றைக் கம்பியும் சுரைக்குடுக்கையும் மறுபுறம். முதல் உருப்படி 18 நிமிடங்களுக்கு மேல் போகிறது. தந்திகள் அவருக்கு மெத்தை விரிக்கவில்லை, வானத்தைப்போல எங்கோ தொலைவில் நிற்கின்றன. இரண்டு மூன்று சுரங்கள் மட்டுமே உள்ள ஒரு கருவி இவ்வளவு நேரம் சலிக்காமல் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை. அவர் சுரத்தை நம்பி வாசிக்கவில்லை. ஒலியின் நிறத்தையும், அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் நம்பி வாசிக்கிறார்.

1980இல் அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் பாட் மெத்தனி, பியானோ கலைஞர் லைல் மேஸ் இருவரோடு சேர்ந்து பதிவுசெய்த தட்டிலும் டிரம்மர் இல்லை. பிறகு மெத்தனியின் முழுக்குழுவோடு சேர்ந்தபோது டிரம்மர் இருந்தார். அங்கே நானாவின் பங்கு பெரிதும் குரலாக மாறியது. வார்த்தை இல்லாத அந்தக் குரல் 1980களின் மெத்தனி ஒலிக்கே அடையாளமாகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் 'டவுன்பீட்' ஜாஸ் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் சிறந்த தாளக் கலைஞராகப் பலமுறை தேர்வானார். யான் கார்பரேக், ஜான் ஹாஸல், டாக்கிங் ஹெட்ஸ், பால் சைமன் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல அழகான வேலைகள். ஆனாலும் அங்கே அவர் விருந்தாளி, வீட்டுக்காரர் இல்லை என்பது காதுக்குத் தெரியும்.

நேர்மாறானது 1983இன் 'சும்பி'. அன்றைய பெர்னாம்புகோவில் தப்பியோடிய அடிமைகள் கட்டியெழுப்பிய பால்மாரெஸ் குடியரசின் தலைவன், 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்ட சும்பியின் பெயரைச் சூட்டியிருந்தார். நெஞ்சிலும் தொடையிலும் தட்டி எழுப்பும் ஒலிகளும், குரலும், மூச்சும் அதில் நிறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பறிகொடுத்துக் கப்பலேறியவர்களிடம் உடம்பு மட்டும்தான் மிச்சம். அந்த உடம்பையே முழவாக்கி அந்தத் தலைவனின் பெயரை வைத்ததில் ஒரு வரலாற்று நேர்மை இருக்கிறது. நானாவின் வாழ்க்கையில் அரசியல் அறிக்கை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

மேடையிலும் அதே வழி. அரங்கத்தையே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பக்கம் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்வார், ஒரு பக்கம் விரல் சொடுக்கச் சொல்வார், பிறகு தொடையில் தட்டச் சொல்வார். சில நிமிடங்களில் அமேசான் மழை வந்துவிடும். பிறகு கையை மெல்ல இறக்கி மழையை நிறுத்துவார். இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிய விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவமனைக் குழந்தைகளிடம் செய்ததை ஆயிரம் பேரிடம் செய்தார், அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்

1990களில் அவருடைய கவனம் பிரேசிலுக்குத் திரும்பியது. 1994இல் சால்வதோரில் தொடங்கிய 'பெர்க்பான்' உலகத் தாள விழாவின் கலை இயக்கத்தில் பங்கேற்றார். அதே ஆண்டில் ரெசீஃபியில் சிக்கோ சயன்ஸும் நாசாவ் சும்பி குழுவும் அல்ஃபாயாக்களை மின்கிதாரோடு சேர்த்து முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதாக நினைத்த முரசை இளைஞர்கள் மறுபடி தேடத் தொடங்கியிருந்தார்கள். நானா குழந்தைகளுக்கான இசைத் திட்டங்களையும் நடத்தினார்.

2000களின் தொடக்கத்திலிருந்து 2016 வரை ரெசீஃபி கார்னிவலின் தொடக்க இரவை மார்க்கோ சீரோ சதுக்கத்தில் அவர்தான் நடத்தினார். பத்துக்கும் மேற்பட்ட மரக்காட்டு நாசாவ்கள், நூற்றுக்கணக்கான முரசுகள், நடுவில் இவர். காலங்காலமாகப் போட்டியும் பகையும் உள்ள குழுக்கள் இவை. கார்னிவல் போட்டியில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுப்பவர்கள், ஒரே கையசைவுக்கு வாசிக்க இணங்கினார்கள். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த குழுக்கள் விழாவின் முதல் மணிநேரத்தில், முதன்மை மேடையில் நின்றது சிறிய மாற்றம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாசாவுக்கும் தனக்கென்று ஒரு நடை உண்டு. ஒன்று வேகமாகப் போகும், ஒன்று கனத்து நிதானிக்கும். அடியின் அழுத்தம் விழும் இடமே வேறுபடும். எல்லோரையும் ஒரே தாளத்துக்கு இழுக்கும்போது அந்த வேறுபாடுகள் தேய்கின்றன. பெருமேடைக்கு எது எடுபடுமோ அதற்கேற்ப வீட்டு முற்றத்தின் வாசிப்பும் மாற நேரலாம். கொடோனாவில் ஒவ்வொரு கருவியையும் அதன் இயல்பில் விட்டுவைத்தவர், மார்க்கோ சீரோவில் அந்தத் தாராளத்தை முழுதாகக் காட்ட முடியவில்லை. மூன்று பேரோடு முடிவது அறுநூறு பேரோடு முடியாதுதான். இருந்தாலும் அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தீராமல் நிற்கும் கேள்வி இது ஒன்றே. கார்னிவல் திங்களன்று இரவு தெர்சோ தேவாலயத்தின் முன்னால், நள்ளிரவில் விளக்கணைத்து முரசுகளை நிறுத்தி மூதாதையரை நினைக்கும் 'மௌன முரசுகளின் இரவு' நடக்கிறது. அங்கே குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவரவர் நடையில் வருகின்றன. நாசாவ்களின் தனித்தன்மையைத் தெரிந்துகொள்ள அதுவே சரியான இடம். மரக்காட்டுக்கு ஊரின் கவனத்தையும் மரியாதையையும் பெற்றுத்தந்த இடம் என்ற வகையில் மார்க்கோ சீரோவின் பங்கை யாரும் மறுக்க முடியாது.

2015இல் நுரையீரல் புற்றுநோய் தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் 2016 பிப்ரவரியில் கார்னிவலைத் தொடங்கிவைத்தார். மார்ச் 9 அன்று, 71 வயதில் காலமானார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. மெத்தனி தட்டுகளில் தொடங்க வேண்டாம். அவை இனிமையானவை, ஆனால் நானா அங்கே பாதிதான் தெரிவார். 'சவுதாதெஸ்' முதல் உருப்படியை நல்ல ஹெட்ஃபோனில், குறைந்த ஒலியில் கேளுங்கள். குடுக்கை வயிற்றை விட்டு விலகும் கணம் காதில் பட்டதும் அடுத்ததற்குப் போகலாம். அது 'டான்சா தாஸ் கபேசாஸ்'. பிறகு கொடோனாவின் முதல் தட்டு, அதன் பின் 'சும்பி'. கடைசியாக மார்க்கோ சீரோ காணொளி ஒன்றையும், ஏதாவது ஒரு மரக்காட்டு நாசாவ் தன் தெருவில் வாசிக்கும் காணொளியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மேலே நான் சொன்ன விமர்சனம் சரியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.